வழிக்கு அஞ்சிய காலமும் வயதுக்கு அஞ்சும் காலமும்

நெடுவழி செல்வோர்க்குத் துணை வேண்டும் என்பதை நம் முன்னோர் நன்குணர்ந்திருந்தனர். வழித்துணை, வழிச்செலவு, கட்டுச்சோறு என்னும் சொற்கள் இன்றும் நம் நாவில் வழங்குகின்றன. இக்காலத்தில் அவற்றோடு பயணக் காப்புறுதி என்னும் வேறொரு சொல்லும் வந்து சேர்ந்துளது. யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ ஓய்வூதியத்தில் வாழும் தாய் தந்தையர், ரொறன்ரோவிலோ பாரிசிலோ குடியிருக்கும் தம் மக்களைக் காணப் புறப்படும்போது, கடவுச்சீட்டும் விமானச்சீட்டுக்குரிய பணமும் ஆயத்தமான பின்னரும் இச்சொல்லின் முன்னே தயங்கி நிற்கின்றனர். அறுபது வயதில் ஒரு விலை; எழுபதில் மற்றொரு விலை; எண்பதைக் கடந்தாலோ பல நிறுவனங்களின் கதவே அடைபட்டுவிடுகிறது. வயது ஏறுந்தோறும் பயணத்தின் விலையும் ஏறுவது ஏன்? இவ்வழக்கம் எப்பொழுது, எவ்வாறு தோன்றிற்று? நேயர்களே, இவ்வினாக்களுக்கு வரலாற்றில் விடை தேடுவதே இன்றைய பேச்சின் நோக்கமாகும்.

பயணத்தின் இடர்களைப் பற்றிய மிகப் பழைய எழுத்துச் சான்றுகளுள் ஒன்று பாபிலோனிய மன்னன் ஹம்முராபியின் சட்டத்தொகுப்பு. கி.மு. 18ஆம் நூற்றாண்டுக்குரிய அச்சட்டங்கள் பொறிக்கப்பட்ட கருங்கல் இன்று பாரிசு நகரத்து லூவர் அரும்பொருட்சாலையில் உளது. பிறன் முதலைக்கொண்டு வணிகஞ் செய்யச் சென்றவன் வழியிலே பகைவரிடம் பொருளைப் பறிகொடுப்பானாயின், தெய்வத்தின்மேல் ஆணையிட்டு உண்மை கூறிக் கடனிலிருந்து விடுபடலாம் என்பது அத்தொகுப்பிலுள்ள ஒரு விதி. சென்றவனுடைய வயது என்ன, உடல்நிலை எத்தகையது என்று அவ்விதி வினவவில்லை. வினவவேண்டிய தேவையும் இல்லை. வழிப்பறிக் கள்வனுக்கு இளைஞனும் முதியவனும் ஒன்றே.

பின்வந்த கிரேக்கரும் உரோமரும் கடற்கடன் என்னும் முறையைக் கையாண்டனர். கப்பல் கரைசேர்ந்தாற் கடனும் மிகுந்த வட்டியும் திரும்பிவரும்; மூழ்கினாற் கடன் கொடுத்தவனுக்கு ஒன்றுமில்லை. இத்தகைய வட்டியை 1234ஆம் ஆண்டில் பாப்பரசர் ஒன்பதாம் கிரகோரியார் வெளியிட்ட திருச்சபைச் சட்டத்தொகுப்புக் கண்டித்தது. கடனை வேறாகவும் இடரை வேறாகவும் பிரித்து, இடரை மட்டும் தனியே விலைபேசும் வழக்கம் இத்தாலிய வணிகரிடையே வளர்வதற்கு அக்கண்டனமும் ஒரு காரணம் என்று வரலாற்றாசிரியர் சிலர் கூறுவர். நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய காப்புறுதி ஒப்பந்தங்களுள் முதன்மையானதாகக் கருதப்படுவது 1347ஆம் ஆண்டில் ஜெனோவா நகரில் எழுதப்பட்டது.

நம்மவரும் கடலோடியவரே. 1088ஆம் ஆண்டில், சுமாத்திராத் தீவின் மேற்குக் கரையிலுள்ள பாரூஸ் என்னும் ஊரின் அருகே, ஐந்நூற்றுவர் எனப்பட்ட வணிகக் குழுவினர் தமிழிற் கல்வெட்டொன்றைப் பொறித்து வைத்தனர். இலங்கையிலும் அக்குழுவினரின் கல்வெட்டுகள் உள. படைவீரரை உடன்கொண்டு கூட்டமாகச் செல்வது அவர்தம் வழக்கம். மேனாட்டார் பணத்தால் தேடிய காவலை அவர்கள் ஆட்பலத்தால் தேடினர் எனலாம்.

பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தில் விந்தையான வழக்கமொன்று நிலவிற்று. எருசலேம் போன்ற தொலைவிடங்களுக்குச் செல்பவன் புறப்படுமுன் ஒரு தொகையைத் தன்னூராரிடம் ஒப்படைப்பான். அவன் திரும்பி வாராவிடின் அத்தொகை அவர்களுக்கே உரியது. உயிருடன் மீண்டானாயின் ஒன்றுக்கு மூன்றாகவோ ஐந்தாகவோ அவனுக்குக் கொடுத்தல் வேண்டும். சேக்சுபியர் தம் நாடகமொன்றில் இவ்வழக்கத்தைச் சுட்டியுள்ளார். பைன்ஸ் மொரிசன் என்னும் ஆங்கிலப் பயணியும் அவருடைய தம்பி ஹென்றியும் இவ்வாறு பணம் வைத்துவிட்டே கிழக்கு நோக்கிச் சென்றனர். தம்பி 1596ஆம் ஆண்டில் அந்தியோக்கியாவுக்கு அண்மையில் நோயுற்று இறந்தார். தமையன் நாடு மீண்டு நூல் எழுதினார். இதனைக் காப்புறுதி என்பதிலும் சூதாட்டம் என்பதே பொருந்தும். எனினும் ஒன்று கவனிக்கத்தக்கது: கள்வர், கடற்கொள்ளையர், புயல், காய்ச்சல் ஆகிய அனைத்தும் இங்கே ஒரே இடராகவே எண்ணப்பட்டன. வழியின் இடர் வேறு, உடலின் இடர் வேறு என்னும் பாகுபாடு அன்று தோன்றவில்லை.

அக்காலத்து மாலுமிகளின் பேரச்சம் வட ஆபிரிக்கக் கடற்கொள்ளையரிடம் அடிமைப்படுவதே. யேர்மனியின் ஹம்பேர்க் துறைமுகத்தில் 1624ஆம் ஆண்டிலேயே, சிறைப்பட்டோரை மீட்பதற்கென ஒரு நிதி அமைக்கப்பட்டது. பிரான்சு நாட்டின் 1681ஆம் ஆண்டுக் கடற்சட்டமோ, மனிதனுடைய உயிரின்மீது காப்புறுதி எழுதுவதைத் தடைசெய்து, பயணியின் விடுதலைக்காகக் காப்புறுதி எழுதுவதை மட்டும் அனுமதித்தது. உயிருக்கு விலை பேசுதல் தகாது, மீட்புக்கு விலை பேசலாம் என்பது அச்சட்டஞ் செய்தோர் கருத்து.

இனி, வயது என்னும் பொருள் காப்புறுதிக்குள் நுழைந்த கதைக்கு வருவோம். 1706ஆம் ஆண்டில் இலண்டனில் அமிக்கபிள் என்னும் ஆயுட்காப்புறுதிச் சங்கம் நிறுவப்பட்டது. உறுப்பினர் யாவரும் வயது வேறுபாடின்றி ஒரே அளவான கட்டணஞ் செலுத்தினர். செவிக்கு இனிய ஏற்பாடுதான். ஆனால் முதியோர் பலர் சேர்ந்துவிட்டாற் பொது நிதி விரைவில் வற்றிவிடுமன்றோ? ஆதலின் 45 வயதைக் கடந்தோரைச் சங்கம் சேர்த்துக்கொள்வதில்லை. உள்ளே இருப்போர்க்குச் சமத்துவம். அதற்கு விலையாக வெளியே நிற்போர்க்குத் தடை.

அவ்வாறு தடுக்கப்பட்டவர்களுள் ஜேம்ஸ் டொட்சன் என்பவர் ஒருவர். கணித ஆசிரியர், 1755ஆம் ஆண்டு முதல் இலண்டனில் கிறைஸ்ற்ஸ் ஹொஸ்பிற்றல் என்னும் பாடசாலையின் கணிதப் பிரிவுக்குத் தலைவராக இருந்தவர். ஆசிரியத் தொழிலிலே நரை கண்ட எனக்கு அவர்மேல் ஒரு தனிப்பற்று உண்டு. சங்கம் தம்மை வயது காட்டி மறுத்தபோது அவர் சினந்து வாளாவிருக்கவில்லை, கணக்கிடத் தொடங்கினார். வால்வெள்ளி ஆராய்ச்சியாற் புகழ்பெற்ற எட்மண்ட் ஹலி, பிரெஸ்லோ நகரத்துப் பிறப்பு இறப்புப் பதிவுகளைக் கொண்டு, எவ்வயதினர் எத்தனை பேர் இறக்கின்றனர் என்பதை 1693ஆம் ஆண்டிலேயே பட்டியலாக்கி வெளியிட்டிருந்தார். அத்தகைய பட்டியல்களின் துணைகொண்டு ஒவ்வொரு வயதுக்கும் உரிய கட்டணத்தைத் தனித்தனியே வகுத்துவிட்டால், எவரையும் வயதுக்காக விலக்கவேண்டிய தேவை இராது என்பது டொட்சன் கண்ட முடிவு. தம் எண்ணம் நிறைவேறக் காணாமலே 1757ஆம் ஆண்டில் அவர் மறைந்தார். ஐந்தாண்டுகளின் பின், 1762இல், அவருடைய கணக்கை அடிப்படையாகக் கொண்டு எக்குவிற்றபிள் என்னும் சங்கம் இலண்டனில் எழுந்தது. இன்றைய ஆயுட்காப்புறுதி முறை முழுவதற்கும் அதுவே தாய் எனலாம்.

இங்கேதான் வரலாற்றின் முரண் உளது. வயதுவாரிக் கட்டணம் என்பது முதியோர்க்குக் கதவைத் திறப்பதற்கென ஒரு முதிய ஆசிரியர் கண்ட வழி. இருநூற்றறுபது ஆண்டுகள் கழிந்தபின், அதே பட்டியல் எழுபத்தைந்து வயதுத் தாய் ஒருத்தியின் எட்டாத உயரத்திலே கதவின் தாழ்ப்பாளைக் கொண்டுபோய் வைத்திருக்கிறது. டொட்சனுடைய கணக்கிற் பிழையில்லை. வயதுக்குரிய விலையைச் செலுத்தவல்லவர் எவர் என்பது மட்டும் அக்கணக்கினுள் அடங்காத வினா.

பயணக் காப்புறுதிப் படிவங்களிற் காணப்படும் மற்றொரு வினாவுக்கும் அந்நூற்றாண்டே ஊற்று. முன்னரே உள்ள நோய்கள் யாவை என்று படிவம் கேட்கிறது; மறைத்தால் ஒப்பந்தம் செல்லாது என்று எச்சரிக்கிறது. 1766ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் நீதியரசர் மான்ஸ்பீல்ட் பிரபு தீர்த்த வழக்கொன்றிலிருந்து இவ்விதி வளர்ந்தது. சுமாத்திராவிலே பெங்கூலன் என்னுமிடத்தில் ஆங்கிலேயருக்குரிய கோட்டையொன்று இருந்தது. அது பகைவர் கைப்பட்டால் இழப்பீடு பெறுவதற்கென அதன் ஆளுநர் காட்டர் இலண்டனிற் காப்புறுதி செய்திருந்தார். பிரெஞ்சுக்காரர் 1760இல் கோட்டையைக் கைப்பற்றினர். கோட்டையின் நலிவை ஆளுநர் மறைத்தார் எனக் கூறிக் காப்புறுதியாளர் பணங்கொடுக்க மறுத்தனர். தான் மட்டும் அறிந்த முக்கியமான செய்தியைக் காப்புறுதி கேட்பவன் சொல்லியே ஆகவேண்டும் என்று நீதியரசர் விதித்தார். அவ்விதியை எல்லோரும் நினைவில் வைத்துள்ளனர். அவ்வழக்கில் வென்றவர் ஆளுநரே என்பதையும், காப்புறுதியாளனும் கேட்டறியவேண்டியதைக் கேட்டறியக் கடமைப்பட்டவன் என்று அதே தீர்ப்பு உணர்த்தியதையும் நினைவில் வைத்திருப்போர் சிலரே.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் புகைவண்டி வந்தது. 1849ஆம் ஆண்டில் இலண்டனில் இரயிற்பயணிகள் காப்புறுதிக் கம்பனி நிறுவப்பட்டு, நிலையங்களிலே பயணச்சீட்டுடன் காப்புறுதிச் சீட்டும் விற்கப்பட்டது. முதலாம் வகுப்புப் பயணி மூன்று பென்சு கொடுத்தால், விபத்தில் இறக்குமிடத்து 1000 பவுண். இரண்டாம் வகுப்புக்கு இரண்டு பென்சு, 500 பவுண். மூன்றாம் வகுப்புக்கு ஒரு பென்சு, 200 பவுண். வகுப்பைக் கேட்டனர், வயதைக் கேட்கவில்லை. வண்டி தடம்புரளும்போது பாட்டனும் பேரனும் ஒருங்கே வீழ்வர் என்பது கம்பனிக்குத் தெரியும்.

விமான காலத்திலும் இவ்வழக்கம் சிலகாலம் நீடித்தது. 1950களில் அமெரிக்க விமான நிலையங்களில் நாணயத்தை இட்டாற் காப்புறுதிப் பத்திரம் தரும் இயந்திரங்கள் நின்றன. எவரும் எதனையும் கேளாத அந்த எளிமைக்கு ஒரு கொடிய பக்கமும் உண்டு. 1955 நவம்பரில், அலாஸ்காவிலிருந்த தன் மகளைக் காணச் சென்றுகொண்டிருந்த தாயின் பெயரில், டென்வர் நிலையத்திலே அவளுடைய மகன் காப்புறுதி வாங்கினான். அவளது பெட்டியில் வெடிகுண்டையும் அவனே வைத்திருந்தான். விமானத்திலிருந்த 44 பேரும் மாண்டனர். பத்திரத்திலே தாயின் கையொப்பம் இல்லாமையால் அது செல்லாதென்பதையும் அவன் அறிந்திருக்கவில்லை.

அக்காலத்தில் எல்லை கடப்போரிடம் அரசுகள் கேட்ட சான்று வேறு. கொள்ளைநோய் குறித்த முதலாவது அனைத்துலக மாநாடு 1851ஆம் ஆண்டில் பாரிசு நகரிற் கூடியது முதல், பயணி நோயைக் கொணர்வானோ என்பதே அவற்றின் அச்சம். நம்மிற் சிலர்க்கு முன்னோர் வாயிலாகத் தெரிந்த தலைமன்னார் – தனுஷ்கோடிக் கப்பற்பாதை 1914இல் தொடங்கி, 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழிக்கும்வரை நடைபெற்றது. உறவினரைக் காணவும் தலயாத்திரை செய்யவும் முதியோர் பலர் அவ்வழியே சென்று வந்தனர். மறுதிசையில், தோட்டங்களுக்கு வந்த தொழிலாளரோ மண்டபம் முகாமில் தடுத்து வைத்துச் சோதிக்கப்பட்டனர். அம்மைப்பால் குத்திய சான்று கேட்கப்பட்டதுண்டு; காப்புறுதிப் பத்திரம் கேட்கப்பட்டதில்லை. அன்று வாயிற்காவலர் பயணி நோயைக் கொண்டுவருவாரென அஞ்சினர். இன்று வைத்தியச் செலவைக் கொண்டுவருவாரென அஞ்சுகின்றனர்.

இம்மாற்றத்துக்குக் காரணம், வியப்புத்தான், பொதுமக்கள் நலன் கருதிய நல்லதொரு முன்னேற்றமே. இரண்டாம் உலகப்போரின் பின்னர்ப் பல நாடுகள் வைத்தியச் செலவை அரசின் பொறுப்பாக ஏற்றன. பிரித்தானியாவின் தேசிய சுகாதார சேவை 1948 ஜூலையில் தொடங்கிற்று. கனடாவிலே சஸ்காச்சுவான் மாகாணம் 1947இல் வைத்தியசாலைச் செலவுக்கும், 1962இல் வைத்தியர் கட்டணத்துக்கும் பொதுக் காப்புறுதி அமைத்தது. 1966ஆம் ஆண்டுச் சட்டம் அதனை நாடு முழுவதற்கும் பரப்பியது. எல்லோர்க்கும் என்று சொன்னவுடன், எல்லோர் என்பவர் யாவர் என்னும் வினா எழுந்தே தீரும். வெளிநாட்டு வருகையாளரிடம் கட்டணம் அறவிடும் அதிகாரத்தைப் பிரித்தானியப் பாராளுமன்றம் 1949ஆம் ஆண்டிலேயே வழங்கிவிட்டது. நடைமுறைக்கு வந்தது 1982இல். 2015 முதல், ஐரோப்பாவுக்குப் புறத்தேயிருந்து வருவோர் வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டால், உரிய செலவில் ஒன்றரை மடங்கு செலுத்தவேண்டும் என்றாயிற்று. ஷெங்கன் உடன்படிக்கை நாடுகளோ 2004 ஜூன் முதல், வீசா கோருவோர் குறைந்தது 30,000 யூரோ பெறுமதியான வைத்தியக் காப்புறுதி காட்டவேண்டும் என விதித்தன.

நம் மக்களைப் பெரிதும் தொட்டது கனடாவின் கதை. 1983ஆம் ஆண்டு வன்செயலின் பின் அந்நாட்டை அடைந்த தமிழர், காலூன்றியதும் தாய் தந்தையரை நிரந்தரமாக அழைத்துக்கொள்ள விண்ணப்பித்தனர். வேறு நாட்டவரும் அவ்வாறே செய்ய, 2011ஆம் ஆண்டளவில் காத்திருந்தோர் தொகை ஒன்றரை இலட்சத்தைக் கடந்தது. அவ்வாண்டு நவம்பரிற் புதிய விண்ணப்பங்களை ஏற்பது நிறுத்தப்பட்டது. 2014இல் அவ்வாயில் மீளத் திறந்தபோது எண்ணிக்கை வரையறையும் உடன் வந்தது. நிறுத்தப்பட்ட இடத்தில் 2011 டிசம்பரில் சுப்பர் வீசா என்னும் புதிய ஏற்பாடு தோன்றிற்று. பெற்றோரும் பாட்டன் பாட்டியரும் ஒருமுறை வந்தால் ஈராண்டு வரை தங்கலாம். 2022 ஜூலை முதல் அக்காலம் ஐந்தாண்டாக நீடிக்கப்பட்டது. ஆயின் குறைந்தது 100,000 கனடிய டொலருக்கு, ஓராண்டுக்கேனும் செல்லத்தக்க தனியார் வைத்தியக் காப்புறுதி எடுத்தல் வேண்டும்.

இதன் பொருளைச் சற்று எண்ணிப் பாருங்கள். முன்னைய முறைப்படி வந்த தாய் குடிவரவாளர். உரிய காலத்தின் பின் மாகாணத்தின் பொதுச் சுகாதாரக் காப்புறுதி அவளையும் தாங்கும். புதிய முறைப்படி வந்த தாய் பேரப்பிள்ளையை வளர்த்து, சமைத்து, ஐந்தாண்டு அதே வீட்டில் வாழினும் வருகையாளரே. அவளுடைய முதுமையின் செலவு அரசின் ஏட்டிலிருந்து குடும்பத்தின் ஏட்டுக்கு மாற்றப்பட்டுவிட்டது. இதனை அநீதி என்று ஒரே சொல்லிற் கூறிவிட நான் விரும்பவில்லை. அந்நாட்டு வரியிறுப்போருக்கும் ஒரு நியாயம் உண்டு. ஆனால் வசதியுள்ள பிள்ளையின் தாய்க்குப் பேரப்பிள்ளை முகமும், வசதியற்ற பிள்ளையின் தாய்க்குக் கைத்தொலைபேசித் திரையும் என்று பிரிந்துவிட்டமை கண்கூடு.

பணமதிப்பின் சரிவு இச்சுமையைப் பின்னும் பெருக்கிற்று. 2022 தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த அமெரிக்க டொலர், சில மாதங்களில் 360 ரூபாவைத் தொட்டது. ரூபாவில் ஓய்வூதியம் பெறும் ஒருவர் டொலரில் விதிக்கப்படும் கட்டணத்தைத் தாமே செலுத்துவது அரிதாயிற்று. பிள்ளைகளே செலுத்துகின்றனர், பெற்றோரோ, அச்செலவை நினைந்து வரவே வேண்டாமென மறுக்கின்றனர்.

விலையைக் குறைக்க வழியில்லையா எனின், உண்டு. ஆனால் ஒவ்வொன்றும் இடரின் ஒரு பகுதியை மீண்டும் நம் தலையில் ஏற்றுவதே. வைத்தியச் செலவின் முதற்பகுதியாகிய ஒரு குறித்த தொகையைத் தாமே ஏற்பதாக உடன்படுவோர்க்குக் கட்டணம் குறையும். அத்தொகையை உண்மையில் திரட்டவல்ல குடும்பத்துக்கு இது தக்க வழி; ஏனையோர்க்குப் பொறி. முன்னைய நோய்களை விலக்கி எழுதப்படும் பத்திரமும் மலிவானதே. எனினும் எழுபது வயதினர் வைத்தியசாலை செல்ல நேர்வது பெரும்பாலும் பழைய நீரிழிவாலும் குருதியமுக்கத்தாலும் இதய நோயாலுமன்றோ? நோய்களையும் உட்படுத்தும் பத்திரங்களில், பயணத்துக்கு முன் 90 நாளோ 180 நாளோ நோய் மாறுபாடின்றி நிலைத்திருக்க வேண்டும் என்னும் நிபந்தனை பெரும்பாலும் காணப்படும். புறப்படுமுன் வைத்தியர் மாத்திரையின் அளவைச் சிறிது கூட்டினும், குறைத்தாலுங்கூட, அந்நிலை கலைந்ததாகக் கொள்ளப்படலாம். நான் அறிந்த ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், பயணத்துக்கு முந்திய மாதம் நல்லெண்ணத்தோடு செய்துகொண்ட வைத்தியப் பரிசோதனையாலேயே இச்சிக்கலில் அகப்பட்டார். பரிசோதனை வேண்டாமென்று நான் கூறவரவில்லை. ஆறேழு மாதங்களுக்கு முன்னரே செய்துகொள்க என்கிறேன். மாறுதல் ஏற்படின் நிறுவனத்துக்கு எழுத்தில் அறிவித்து எழுத்திலேயே மறுமொழி பெறுக. மான்ஸ்பீல்ட் பிரபுவின் விதி இரு திறத்தாரையும் கட்டுவது.

பிரித்தானியாவில் வேறொரு முயற்சி நடந்தது. வயதுக்காகப் பயணக் காப்புறுதி மறுக்கும் நிறுவனம், தரக்கூடிய வேறோர் இடத்தை அம்முதியவர்க்குச் சுட்டிக்காட்டவேண்டும் என்று 2012இல் அரசும் காப்புறுதித் துறையினரும் உடன்பட்டனர். நோயுடையோரைப் பொறுத்து இத்தகைய கடமை 2021இல் விதியாகவே ஆக்கப்பட்டது. இவை அந்நாட்டில் வாழ்வோர்க்கு உரியன; இங்கிருந்து செல்லும் நம் முதியோர்க்கு உதவுவன அல்ல. ஆயினும் டொட்சன் அன்று வாயிலில் மறுக்கப்பட்டபோது, அடுத்த வாயிலைக் காட்டுவாரும் இலராய் நின்றதை நினைக்கும்போது, இது நம் நாட்டுக் காப்புறுதித் துறையினரும் எண்ணிப் பார்க்கத்தக்க ஏற்பாடு என்றே தோன்றுகிறது.

கனடாவிலும் ஒரு சிறு தளர்வு வந்துளது. முன்னர்க் கனடிய நிறுவனங்களின் பத்திரமே பொதுவாக ஏற்கப்பட்டது. 2025 ஜனவரி 28 முதல், அந்நாட்டு நிதி நிறுவனங்களின் மேற்பார்வையாளர் அலுவலகத்தினால் அனுமதிக்கப்பட்ட வெளிநாட்டு நிறுவனங்களின் பத்திரத்தையும் சுப்பர் வீசாவுக்குச் சமர்ப்பிக்கலாம். ஒரே முகவர் சொன்ன விலையோடு நின்றுவிடாது மூன்று நான்கு இடங்களில் விசாரிப்பதற்கு இதனால் இடமுண்டாகிறது. விசாரிக்கும்போது விலையுடன் வேறிரண்டு செய்திகளையும் கேட்டு எழுதி வாங்குதல் வேண்டும்: வீசா மறுக்கப்பட்டாற் பணம் முழுவதும் திரும்புமா என்பது ஒன்று, ஓராண்டுக்குச் செலுத்திவிட்டு, பனிக்காலத்துக்கு அஞ்சி ஆறாம் மாதமே ஊர் திரும்பும் தாய்க்கு எஞ்சிய மாதங்களின் கட்டணம் மீளக் கிடைக்குமா என்பது மற்றொன்று.